ஒரே லைப்ரரி, பல பதிப்புகள்: லினக்ஸ் பேக்கேஜ் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் பக்கத்துக் கல்லூரி லேப்களிலும் கங்கைகொண்டானில் வேலை பார்ப்பவர்களிடமும் லினக்ஸ் பேக்கேஜ் (புரோகிராமையோ லைப்ரரியையோ நிறுவத் தயாராகக் கட்டிய பொதி) பற்றிப் பேச்சு வந்தால் இந்தச் சந்தேகங்கள் தவறாமல் வருகின்றன. லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபங்ஷன்களின் தொகுப்பு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் டெபியன், உபுண்டு என்ற டிஸ்ட்ரோக்களிலிருந்து (லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவை) எடுத்தவை. "லிப்நெல்லை" என்று வருவது மட்டும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட கற்பனை லைப்ரரி.

1. அண்ணாச்சி, ஒரு லைப்ரரிக்கு ஒரு பதிப்பு போதாதா? எதுக்கு ரெண்டு மூணு வச்சிக்கிட்டு அலையணும்?

ஒன்று போதுமென்றால் ஒன்றோடு நிறுத்துவதுதான் நல்லது. ஒவ்வொரு கூடுதல் பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தம் போட ஆள் வேண்டும், சோதிக்க நேரம் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், சில லைப்ரரிகள் ஒவ்வொரு வெளியீட்டிலும் தங்கள் ஃபங்ஷன்களை மாற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை நம்பி இருக்கும் புரோகிராம்கள் அதே வேகத்தில் மாறுவதில்லை.

வேலண்ட் கம்போசிட்டர் (திரையில் ஜன்னல்களை அடுக்கிக் காட்டும் புரோகிராம்) எழுதப் பயன்படும் டபிள்யூஎல்ரூட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஸ்வே என்ற கம்போசிட்டரின் 1.9-க்கு அதன் 0.17 வேண்டும், ஸ்வே 1.10-க்கு 0.18 வேண்டும், 1.11-க்கு 0.19. ஒரு எண் தள்ளிக் கொடுத்தால் கம்பைலே ஆகாது. ஸ்வே உடனே மாறிவிடும். லேப்டபிள்யூசி, வேஃபயர் போன்ற மற்றவை மாறச் சில வாரமோ சில மாதமோ ஆகும். அந்த இடைவெளியில் டிஸ்ட்ரோவுக்கு மூன்று வழிதான்: எல்லாரையும் பழையதில் காக்க வைக்கலாம், மாறாதவற்றைத் தூக்கிவிடலாம், இரண்டு பதிப்பையும் சேர்த்து வைக்கலாம். மூன்றாவது வழியை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளின் பொருள்.

2. நிலையில்லாத லைப்ரரின்னா அடிக்கடி கிராஷ் ஆகும்னு அர்த்தமா?

இல்லை. தரம் நன்றாகவே இருக்கும். மாறிக்கொண்டிருப்பது அதன் இடைமுகம், அதாவது புரோகிராம்கள் அதை அழைக்கும் விதம். இதில் இரண்டு மட்டம் உண்டு. ஃபங்ஷன் பெயரோ அதற்குக் கொடுக்கும் மதிப்புகளோ மாறினால் அது சோர்ஸ் இடைமுகம் மாறுவது. கம்பைலர் உடனே கத்திவிடும். கம்பைல் ஆகி முடிந்த ஃபைல்கள் ஒன்றோடொன்று பேசும் விதம் மாறினால் அது பைனரி இடைமுகம் மாறுவது. இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் கத்த மாட்டார்கள்.

லிப்நெல்லையின் 0.1 பதிப்பில் ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை வரிசையாக அடுக்கிய தரவு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் 4 பைட்டில் அகலம், அடுத்த 4 பைட்டில் உயரம், இரண்டும் முழு எண்கள். 0.2-இல் இரண்டுக்கும் நடுவே அளவுப் பெருக்கம் என்று ஒரு ஃப்ளோட்டை (4 பைட் தசம எண்) செருகிவிட்டார்கள். உயரம் இப்போது (0-இலிருந்து எண்ணினால்) 8-ஆவது பைட்டுக்குப் போய்விட்டது. 0.1-ஐ வைத்துக் கம்பைல் செய்த புரோகிராம் இன்னும் 4-ஆவது பைட்டைத்தான் உயரம் என்று படிக்கும். அங்கே இருப்பது 1.0 என்ற ஃப்ளோட். அதை முழு எண்ணாகப் படித்தால் 1065353216. அவ்வளவு உயரத்துக்கு மெமரி கேட்டுப் புரோகிராம் விழும். விழாமல் தவறான கணக்கோடு ஓடினால் அது இன்னும் மோசம்.

3. சோநேம் சோநேம்னு எல்லாரும் சொல்லுதாங்க. அது ஃபைல் பேரு தானே?

ஃபைல் பெயர் வேறு, சோநேம் வேறு. சோநேம் என்பது லைப்ரரி ஃபைலுக்கு உள்ளே எழுதப்பட்டிருக்கும் பெயர். ரீட்எல்ஃப் கட்டளையை "-டி" விருப்பத்தோடு ஓட்டினால் தெரியும். ஒரு புரோகிராமை லைப்ரரியோடு லிங்க் செய்யும்போது, லிங்கர் அந்தச் சோநேமை எடுத்துப் புரோகிராமுக்குள் "எனக்கு இது தேவை" என்று பதித்துவிடும். ஓடும்போது லோடர் (லைப்ரரியை மெமரியில் ஏற்றும் பகுதி) அந்தப் பெயரைத்தான் தேடும்.

ஆகவே ஒரு லைப்ரரிக்கு மூன்று பெயர்கள் இருக்கும். லிப்நெல்லை.எஸ்ஓ.5.2.1 என்பது உண்மையான ஃபைல். லிப்நெல்லை.எஸ்ஓ.5 என்பது சோநேம். அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (உண்மையான ஃபைலைச் சுட்டும் மாற்றுப் பெயர்) இருக்கும், அதை எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை பராமரிக்கும். எண்ணே இல்லாத லிப்நெல்லை.எஸ்ஓ என்பது கம்பைல் நேரத்துக்கு மட்டும் உரிய சிம்லிங்க். "திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டால் ஜங்ஷனா, டவுனா, புது பஸ் ஸ்டாண்டா என்று கண்டக்டர் திருப்பிக் கேட்பார். சோநேம் என்பது இறங்கும் இடத்தை டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுப்பது. பைனரி இடைமுகம் உடைந்தால் அந்த எண் மாறியே ஆக வேண்டும் என்பது இதில் அடிப்படை விதி.

4. உபுண்டு 22.04-க்கு மாறினதும் பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு "லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்ல"ங்கு. புதுசுக்கு அந்தப் பேர்ல ஒரு சிம்லிங்க் போட்டா தீந்துரும்லா?

தீராது. தயவுசெய்து போடாதீர்கள். லிப்எஸ்எஸ்எல் என்பது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லைப்ரரி; உபுண்டு 22.04-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 3. சிம்லிங்க் போட்டால் லோடர் ஃபைலைக் கண்டுபிடிக்கும், ஆனால் "ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற பதிப்பு இதில் இல்லை" என்று அடுத்த வரியிலேயே நிறுத்திவிடும். ஓபன்எஸ்எஸ்எல் தன் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பு முத்திரை குத்தி வைத்திருப்பதால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

முத்திரை குத்தாத லைப்ரரியில் இதையே செய்தால் புரோகிராம் திறந்துகொள்ளும். அதன் பிறகு 2-ஆம் கேள்வியில் சொன்ன 1065353216 கதைதான். சோநேம் எண் மாறியிருக்கிறது என்றால் "இது வேறு" என்று எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள் என்று பொருள்.

5. அப்ப பழைய டிஸ்ட்ரோவோட டெப் ஃபைல இறக்கி போட்டுக்கிடலாமா?

டெப் ஃபைல் என்பது டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் ஃபைல். தொழில்நுட்ப அளவில் பெரும்பாலும் ஓடும். லிப்எஸ்எஸ்எல்1.1 என்ற பேக்கேஜும் லிப்எஸ்எஸ்எல்3 என்ற பேக்கேஜும் பெயரிலேயே வேறுபட்டவை, ஃபைல்களும் மோதாது. ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கையால் போட்ட டெப்புக்கு உங்கள் டிஸ்ட்ரோவும் திருத்தம் அனுப்பாது. நெட்டோடு பேசும் புரோகிராமுக்கு இதை நிரந்தர ஏற்பாடாக வைக்கக் கூடாது. அளவுக் கருவி, பிரிண்டர் டிரைவர் என்று நெட்டைத் தொடாத ஒன்றுக்கு, வேறு வழியே இல்லாதபோது, எந்தத் தேதிக்குள் எடுப்போம் என்று எழுதி வைத்துக்கொண்டு போடுங்கள்.

எதிர்த்திசை பெரும்பாலும் ஓடாது. உபுண்டு 22.04-க்குக் கட்டிய புரோகிராமை டெபியன் 11-இலோ, அதன் மேல் கட்டிய டிஸ்ட்ரோக்களிலோ ஓட்டினால் "ஜிலிப்சி_2.34 இல்லை" என்று நிற்கும். ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் நம்பும் அடிப்படை சி லைப்ரரி. டெபியன் 11-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, உபுண்டு 22.04-இல் 2.35. இந்திய அரசு சார்பில் வரும் பாஸ் லினக்ஸும் டெபியன் அடிப்படையில் கட்டியதுதான் என்பதால் இதே கணக்கு அதற்கும் பொருந்தும். ஈடிசி அடைவில் உள்ள டெபியன்_வெர்ஷன் ஃபைலைப் பார்த்துவிட்டுப் பேக்கேஜைத் தேடுங்கள்.

6. ஆப்ட்ல ஒரே பேக்கேஜோட ரெண்டு பதிப்ப ஒண்ணா போட முடியலயே. பிறகு எப்படி டெபியன்ல மட்டும் மூணு எல்எல்விஎம் கெடக்கு?

ஒரு பெயருக்கு ஒரு பதிப்புதான். அதை ஆப்ட் (டெபியனில் பேக்கேஜை இறக்கி நிறுவும் கருவி) மாற்றாது. ஆகவே எண்ணைப் பெயருக்குள் கொண்டுபோகிறார்கள். எல்எல்விஎம் என்பது கம்பைலர்கள் கட்டப் பயன்படும் தொகுப்பு. எல்எல்விஎம்-14, எல்எல்விஎம்-15, எல்எல்விஎம்-16 என்பவை ஆப்டைப் பொறுத்தவரை சம்பந்தமே இல்லாத மூன்று பேக்கேஜ்கள். ஒவ்வொன்றும் யுஎஸ்ஆர்/லிப் அடியில் தன் எண்ணோடு கூடிய தனி அடைவில் உட்காரும். எண் இல்லாத கட்டளைப் பெயரை மட்டும் எல்எல்விஎம்-டிஃபால்ட்ஸ் என்ற தனி சோர்ஸ் பேக்கேஜ் தருகிறது.

சாதாரண லைப்ரரிக்குப் பெயர் வைக்கும் விதி எளிது. சோநேமில் இருந்து ".எஸ்ஓ." என்பதை எடுத்துவிடுங்கள்: லிப்நெல்லை.எஸ்ஓ.5 என்பது லிப்நெல்லை5 ஆகும். லைப்ரரி பெயரே எண்ணில் முடிந்தால் நடுவில் ஒரு கோடு: லிப்ஜிடிகே-4.எஸ்ஓ.1 என்பது லிப்ஜிடிகே-4-1. வீடியோ, ஆடியோ கையாளும் எஃப்எஃப்எம்பெக்கின் லிப்ஏவிகோடெக்கைப் பாருங்கள்: டெபியன் 11-இல் லிப்ஏவிகோடெக்58, 12-இல் 59, 13-இல் 61. பெயரும் சோநேமும் பொருந்தாவிட்டால் லின்டியன் என்ற பேக்கேஜ் சோதிக்கும் கருவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அடக்கி வைக்காதீர்கள். பத்தில் ஒன்பது முறை அது சொல்வதுதான் சரி.

7. பேர மாத்திட்டேன். ஆனாலும் "அந்த ஃபைல் இன்னொரு பேக்கேஜ்லயும் இருக்கு, மேல எழுத முடியாது"ன்னு டிபிகேஜி நிக்கி.

டிபிகேஜி என்பது ஆப்டுக்கு அடியில் டெப்பை நிறுவும் கருவி. லிப்நெல்லை5, லிப்நெல்லை6 இரண்டிலும் ஒரே பாதையில் ஏதோ ஒரு ஃபைல் இருக்கிறது. இரண்டு டெப்பையும் டிபிகேஜி-டெப் "-சி" கொண்டு பட்டியலிட்டு, பாதைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமாக மாட்டுபவை: எண்ணில்லாத சிம்லிங்க் (அது கம்பைல் செய்பவர்களுக்கான டெவ் பேக்கேஜில் இருக்க வேண்டியது), மொழிபெயர்ப்பு ஃபைல்கள், பிளகின் அடைவு, ஈடிசி கான்ஃபிக், லைப்ரரியோடு வரும் ஒரு சின்னக் கட்டளை.

சோநேம் மாறினால் எந்த ஃபைலின் பெயர் மாறாதோ, அது ரன்டைம் (புரோகிராம் ஓடத் தேவையான) பேக்கேஜில் இருக்கக் கூடாது. கட்டளையை லிப்நெல்லை-டூல்ஸ் என்று பிரியுங்கள். தரவு ஃபைல்களை லிப்நெல்லை-காமன் என்று பிரியுங்கள். பிளகின்களுக்கு மட்டும் காமன் பேக்கேஜ் தீர்வாகாது, ஏனென்றால் 5-க்குக் கட்டிய பிளகினை 6 ஏற்றினால் விழும்; அடைவின் பெயரிலேயே எண் வர வேண்டும். அவசரத்துக்குக் கான்ஃப்ளிக்ட்ஸ் வரி போட்டு வாயை அடைப்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் இரண்டும் ஒரே கணினியில் இருக்க முடியாது. பெயரைப் பிரித்த வேலையே வீண்.

8. ரன்டைம் ரெண்டும் சேந்து இருக்கு. டெவ் பேக்கேஜ் ரெண்டும் ஏன் சேர மாட்டேங்கு?

சோநேம் ஓடும் நேரத்தை மட்டும்தான் காப்பாற்றும். கம்பைல் நேரத்துக்கு ஹெடர் (ஃபங்ஷன்களின் அறிவிப்பு) அடைவு, பிகேஜி-கான்ஃபிக் ஃபைல் (லைப்ரரி எங்கே என்று பில்டுக்குச் சொல்வது), எண்ணில்லாத சிம்லிங்க் என்று மூன்று இருக்கின்றன. மூன்றிலும் எண் இல்லாவிட்டால் இரண்டு டெவ் பேக்கேஜ்கள் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். டபிள்யூஎல்ரூட்ஸ் 0.17 வரை இப்படித்தான் இருந்தது. 2024-இல் வந்த 0.18 முதல் ஹெடர் அடைவு, பிகேஜி-கான்ஃபிக் பெயர், லைப்ரரி பெயர் மூன்றிலும் "-0.18" என்று பதிப்பு எண்ணையே சேர்த்துவிட்டார்கள். ஜிடிகேயில் இந்தப் பழக்கம் வெகுகாலமாக உண்டு. ஜிடிகே 3-ம் 4-ம் ஒரே கணினியில் கம்பைல் செய்யலாம்.

அப்ஸ்ட்ரீம் (லைப்ரரியை எழுதி வெளியிடுபவர்கள்) இதைச் செய்யவில்லை என்றால் பேக்கேஜ் கட்டுபவர் தானாகச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஹெடர் அடைவை நகர்த்தி, பிகேஜி-கான்ஃபிக் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்தால் வேலை நடக்கும். ஆனால் அதை நம்பும் ஒவ்வொரு புரோகிராமின் பில்ட் ஃபைலையும் நீங்கள் திருத்த வேண்டும், அந்தத் திருத்தம் உங்கள் டிஸ்ட்ரோவில் மட்டும் செல்லும். அதை விட, டெவ் பேக்கேஜ் இரண்டும் மோதட்டும் என்று விட்டுவிடுங்கள். டிஸ்ட்ரோக்கள் ஒவ்வொரு பேக்கேஜையும் தனித் தனிச் சுத்தமான சிரூட்டில் (மற்றவற்றிலிருந்து பிரித்த சூழலில்) கட்டுவதால், ஒரு பில்டுக்கு ஒரு டெவ் போதும். அப்ஸ்ட்ரீமுக்கு ஒரு பேட்ச் அனுப்பி வையுங்கள்.

9. சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி மேக் இன்ஸ்டால் போட்டேன். அதுக்கப்புறம் டெஸ்க்டாப்பே வர மாட்டேங்கு.

சும்மா கொடுத்த மேக் இன்ஸ்டால் யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் போட்டிருக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் லோடர் அந்த அடைவைத்தான் முதலில் பார்க்கிறது. நீங்கள் கட்டியதன் சோநேமும் டிஸ்ட்ரோவினுடையதும் ஒன்றாக இருந்து, உள்ளே வேறுபட்டால், டெஸ்க்டாப் உட்பட எல்லாம் உங்கள் பிரதியை எடுத்துக்கொண்டு விழும்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், சோர்ஸ் அடைவில் நின்று அன்இன்ஸ்டால் கொடுத்து, ரூட்டாக எல்டிகான்ஃபிக்கை ஓட்டுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். அடுத்த முறை பிரிஃபிக்ஸை (நிறுவும் அடைவை) ஓபிடி/நெல்லை-0.2 என்பது போல எண்ணோடு கொடுங்கள். உங்கள் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது பிகேஜி-கான்ஃபிக் தேடும் பாதையில் அந்த அடைவைச் சேர்த்து, லிங்கருக்கு ஆர்பாத் (ஓடும்போது லைப்ரரியைத் தேடும் பாதை) கொடுங்கள். புரோகிராம் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும், மற்றவை தொந்தரவில்லாமல் ஓடும்.

10. எங்க லேப்ல 60 சிஸ்டம். நெட் ரொம்ப மெதுவு, வீட்ல மொபைல் ஹாட்ஸ்பாட் தான். பல பதிப்பு வச்சிக்கிட்டா டேட்டா தாங்குமா?

ரன்டைம் லைப்ரரிகள் சிறியவை; பெரும்பாலும் சில எம்பிக்குள் முடியும். டேட்டாவைத் தின்பவை எல்எல்விஎம் போன்ற டெவ் பேக்கேஜ்களும் ஃபிளாட்பேக் (செயலிகளுக்கு லைப்ரரிகளைத் தனியாகத் தரும் முறை) ரன்டைம்களும். லேபில் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, மற்றவற்றின் ஆப்ட் பிராக்ஸியை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்புங்கள். ஒரு டெப் ஒரு முறைதான் வெளியிலிருந்து இறங்கும், மீதி 59 கணினிகளுக்கும் லேபுக்குள்ளிருந்தே போகும்.

வீட்டில் ஆப்ட்-கெட் இன்ஸ்டாலோடு பிரின்ட்-யுஆர்ஐஸ் விருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தால், இறக்க வேண்டிய முகவரிகளை மட்டும் எழுதித் தரும். அதை ஒரு ஃபைலில் சேமித்து, நல்ல நெட் இருக்கும் இடத்தில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். பட்டியலை எடுத்த அதே கணினியில்தான் போட வேண்டும். வேறு கணினியில் ஏற்கெனவே உள்ள பேக்கேஜ்கள் வேறாக இருக்கும், ஏதாவது ஒன்று குறையும். ஆப்ட் இன்ஸ்டால் கொடுக்கும்போது ஃபைல் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட மறந்தால் அதை ஃபைலாக எடுக்காமல் பேக்கேஜ் பெயராக நினைத்துத் தேடும்.

11. சோநேம் மாத்தணுமா வேண்டாமான்னு எப்படி கண்டுபிடிக்க?

பழையது, புதியது இரண்டையும் "-ஜி" கொடுத்து டீபக் தகவலோடு கம்பைல் செய்து, லிப்அபிகெய்லில் வரும் அபிடிஃப் கருவியில் இரண்டு ஃபைலையும் கொடுங்கள். ஹெடர் அடைவுகளையும் சேர்த்துக் கொடுத்தால், வெளியே தெரியாத உள் ஸ்ட்ரக்ட்களைப் பற்றிய சத்தம் குறையும். ஃபங்ஷன் நீக்கம், மதிப்பின் வகை மாற்றம், ஸ்ட்ரக்ட் உறுப்பு இடம் பெயர்வது, எனம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) மதிப்புகள் நகர்வது எல்லாம் பட்டியலாக வரும். இதில் ஏதாவது வெளி இடைமுகத்தைத் தொட்டால் சோநேம் மாற வேண்டும். புதிய ஃபங்ஷன் மட்டும் சேர்ந்திருந்தால் சோநேம் அப்படியே இருக்கலாம்; அதைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் குறைந்தது எந்தப் பதிப்பைக் கேட்க வேண்டும் என்ற எண் மட்டும் உயர வேண்டும். டெபியனில் சிம்பல்ஸ் ஃபைல் (லைப்ரரி வெளியே தரும் பெயர்களின், அதாவது சிம்பல்களின், பட்டியல்) அதைப் பார்த்துக்கொள்ளும்.

சிம்பல்ஸ் ஃபைலை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். சிம்பல் காணாமல் போனால் டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ் பில்டை நிறுத்தும். ஸ்ட்ரக்ட் மாறியது அதற்குத் தெரியாது, ஏனென்றால் ஃபங்ஷன் பெயர் அதேதான். 2-ஆம் கேள்வியின் உதாரணம் சிம்பல்ஸ் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும். அபிடிஃப்தான் பிடிக்கும்.

லிப்டூல் (லைப்ரரி கட்ட உதவும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: வெர்ஷன்-இன்ஃபோவில் கொடுக்கும் மூன்று எண்கள் வெளியீட்டு எண் அல்ல. லினக்ஸில் முதல் எண்ணில் இருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவதுதான் சோநேம். 7:0:2 என்றால் சோநேம் 5. வெளியீடு 2.4.1 என்பதால் 2:4:1 என்று போட்டுச் சோநேம் 1-க்கு இறங்கிப்போன பேக்கேஜ்கள் உண்டு.

12. அப்ஸ்ட்ரீம் இடைமுகத்த ஒடச்சிட்டு சோநேம மாத்தாம விட்டுட்டாங்க. நாமளே ஒரு நம்பர் ஏத்திக்கிடலாமா?

முதலில் அப்ஸ்ட்ரீமுக்கு அபிடிஃப் வெளியீட்டோடு எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் தெரியாமல்தான் செய்திருப்பார்கள். நீங்களாக 5-ஐ 6 ஆக்கினால், நாளை அப்ஸ்ட்ரீம் உண்மையான 6-ஐ வெளியிடும்போது ஒரே பெயரில் இரண்டு வேறு லைப்ரரிகள் உலவும். மற்ற டிஸ்ட்ரோவில் கட்டிய புரோகிராம்கள் உங்களிடம் வந்து விழும்.

காத்திருக்க முடியாவிட்டால், மோதவே முடியாத பெயரை வையுங்கள். டெபியனில் எண்ணுக்குப் பின் "டி" சேர்க்கும் வழக்கம் உண்டு: லிப்நெல்லை.எஸ்ஓ.0டி. சோநேமை விட்டுவிட்டுப் பேக்கேஜ் பெயரை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

13. லிப்எஸ்எஸ்எல்3 இப்ப லிப்எஸ்எஸ்எல்3டி64-ன்னு இருக்கு. சோநேம் அதே 3 தான். இந்த வாலு எதுக்கு?

32 பிட் கணினிகளில் நேரத்தை எண்ணும் டைம்_டி 32 பிட்டாக இருந்தது. 2038 ஜனவரி 19-உடன் அந்த எண் நிரம்பிவிடும். அதை 64 பிட்டாக மாற்றியபோது, டைம்_டியை இடைமுகத்தில் வைத்திருந்த எல்லா லைப்ரரிகளின் பைனரி இடைமுகமும் உடைந்தது, ஆனால் எந்த அப்ஸ்ட்ரீமும் ஒரு வரி கூட மாற்றவில்லை. நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் சோநேமை டிஸ்ட்ரோ தன்னிச்சையாக மாற்றுவது 12-ஆம் பதிலில் சொன்ன குழப்பத்தைப் பெருக்கும். ஆகவே பேக்கேஜ் பெயரை மட்டும் மாற்றினார்கள். பழையதை நம்பும் பேக்கேஜ் புதியதோடு சேராது என்பது உறுதியானது. உபுண்டு 24.04-இலும் டெபியன் 13-இலும் இதைக் காணலாம்.

64 பிட் இன்டெல் கணினிகளில் உண்மையில் எதுவும் உடையவில்லை. அதனால் அங்கே டி64 பேக்கேஜ் பழைய பெயரையும் "நானே அது" என்று ப்ரொவைட்ஸ் வரியில் சொல்லிக்கொள்ளும். 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது சி++ லைப்ரரிகளுக்கு "வி5" என்ற வால் ஒட்டியதும் இதே முறைதான்.

14. பழைய பதிப்ப எப்ப தூக்கணும்? யார் தூக்குவா?

பழையதை நம்பும் கடைசிப் பேக்கேஜ் மாறிய அன்று. டெபியனில் அந்த நாளை நோக்கிய வேலைக்கு டிரான்சிஷன் என்று பெயர். புதிய பதிப்பை முதலில் எக்ஸ்பெரிமென்டல் என்ற சோதனைக் கிளையில் ஏற்ற வேண்டும். பேக்கேஜ் பெயர் புதிது என்பதால் நியூ (புதிய பேக்கேஜ்களைப் பரிசீலிக்கும்) வரிசையில் காத்திருக்கும். எவ்வளவு நாள் என்று கணக்குப் போட முடியாது, ஆகவே முன்கூட்டியே ஏற்றுங்கள். அந்த இடைவேளையில் அதை நம்பும் எல்லாப் பேக்கேஜ்களையும் புதியதோடு கட்டிப் பாருங்கள். விழுபவற்றுக்கு பக் பதிந்து, முடிந்தால் பேட்சும் கொடுங்கள். பிறகு ரிலீஸ் குழுவிடம் நேரம் கேளுங்கள். அவர்கள் சரி என்றதும் அன்ஸ்டேபிள் என்ற வளர்ச்சிக் கிளையில் ஏற்றினால், சோர்ஸ் மாற்றம் தேவைப்படாதவற்றை அவர்களே மறுபடி கட்டிவிடுவார்கள். பதிப்பு எண்ணின் கடைசியில் "+பி1" என்று வருவது அதுதான்.

இது ஒரே சோர்ஸ் பேக்கேஜ் முன்னேறும்போது. 1-ஆம் பதிலில் சொன்னது போல இரண்டும் சில காலம் சேர்ந்து வாழ வேண்டுமென்றால், பழையதை எண்ணோடு தனிச் சோர்ஸ் பேக்கேஜாகப் பிரியுங்கள். பிரிக்கும் அன்றே, எந்தெந்தப் பேக்கேஜுக்காக இது இருக்கிறது, அவற்றின் பக் எண்கள் என்ன, பொறுப்பு யாருக்கு என்று ரீட்மீயில் எழுதுங்கள். பெயர் எழுதாத பழைய பதிப்பு அடுத்த ரிலீஸிலும் அதற்கடுத்த ரிலீஸிலும் கிடக்கும். ஒரு நாள் அதில் பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்போது திருத்த ஆள் இருக்காது.

15. ஃபெடோரா, ஆர்ச், ஜென்டூல எல்லாம் எப்படி?

ஃபெடோராவில் ஆர்பிஎம் கருவியே சோநேமைப் படித்துத் தேவைப் பட்டியலை எழுதிக்கொள்ளும், அதனால் பேக்கேஜ் பெயரில் எண் கட்டாயமில்லை. பழையதைக் காக்க வேண்டியபோது மட்டும் எண்ணோடு கம்பாட் பேக்கேஜ் போடுவார்கள். ஓபன்சூசே டெபியனைப் போலவே எண்ணைப் பெயரில் வைக்கும். ஜென்டூவில் ஸ்லாட் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது: ஸ்லாட் எண் வேறானால் ஒரே பெயர்ப் பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் சேர்ந்திருக்கும், துணை ஸ்லாட் மாறினால் அதை நம்புபவை தாமாக மறுபடி கட்டப்படும். நிக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜும் ஹாஷ் எண்ணோடு கூடிய தனி அடைவில் இருப்பதால் மோதல் என்ற பேச்சே இல்லை. வட்டு இடம் கூடுதலாகப் போகும்.

ஆர்ச்சில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதியதற்கு மாற்றுவதுதான் வழக்கம், ஓபன்எஸ்எஸ்எல்-1.1 போல எண்ணோடு பழையது வைப்பது அரிது. அதனால்தான் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை ஏற்றுவது அங்கே ஆகாது. டேட்டா மிச்சம் பிடிக்க நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் செய்யும் தப்பு இது. புதிய லைப்ரரி வந்துவிடும், அதை நம்பும் மற்றவை பழையபடியே நிற்கும். முழு அப்டேட்டுக்கு டேட்டா இல்லையென்றால் அன்றைக்கு எதையும் ஏற்றாமல் இருங்கள்.

16. பேசாம லைப்ரரிய புரோகிராமுக்குள்ளயே வச்சி கட்டிட்டா என்ன?

சிறிய, ஒரே ஒரு புரோகிராம் மட்டும் பயன்படுத்தும் லைப்ரரிக்குச் செய்யலாம். பலரும் பயன்படுத்துவதற்குச் செய்தால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி காட்டியது. ஒரு படத்தைத் திறந்தாலே கணினியைக் கைப்பற்றலாம் என்ற அளவு ஓட்டை. டிஸ்ட்ரோவின் லிப்வெப்பியைத் திருத்த ஒரு அப்டேட் போதும். குரோமியம் பிரவுசரை உள்ளே வைத்துக் கட்டிய ஒவ்வொரு செயலியும் தனித் தனியாகப் புதிய வெளியீடு விட வேண்டியிருந்தது.

ரஸ்ட் நிரல்மொழியில் எல்லாம் உள்ளே கட்டப்படுவதுதான் இயல்பு. டெபியன் அங்கேயும் சோர்ஸ் அளவில் எண்ணோடு பேக்கேஜ் வைத்து (லிப்ரஸ்ட்-ஏதோ-0.3-டெவ் என்ற பாணியில்), எதை வைத்து எது கட்டப்பட்டது என்று பதிவு செய்கிறது. திருத்தம் வந்தால் நம்புபவை எல்லாம் மறுபடி கட்டப்பட வேண்டும். பைத்தானில் ஒரு இன்டர்பிரட்டருக்கு ஒரு பதிப்புதான். டெபியன் 12 முதல் பிப் (பைத்தான் பேக்கேஜ் நிறுவும் கருவி) "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்று மறுத்தால் அதை மீறாமல் வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கிக்கொள்ளுங்கள்.

17. ஒரே புரோகிராமுக்குள்ள ரெண்டு பதிப்பும் ஏறிட்டா என்ன ஆகும்?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான இடம். புரோகிராம் லிப்நெல்லை6-ஐ நேராகக் கேட்கிறது. அது பயன்படுத்தும் வேறொரு லைப்ரரி இன்னும் 5-ஐக் கேட்கிறது. லோடர் இரண்டையும் ஏற்றும். இரண்டிலும் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால் முதலில் கிடைப்பதுதான் எல்லாருக்கும். 5-ஐக் கேட்டவர் 6-இன் ஃபங்ஷனுக்குள் போய் விழுவார். லிங்க் செய்யும்போதே "மோதக்கூடும்" என்று லிங்கர் ஒரு எச்சரிக்கை தரும்; நூறு வரிகளுக்கு நடுவே யாரும் பார்ப்பதில்லை. எல்டிடி (புரோகிராம் எந்த லைப்ரரிகளை ஏற்றும் என்று காட்டும் கட்டளை) வெளியீட்டில் ஒரே லைப்ரரி இரண்டு எண்ணோடு வந்தால் அதுதான் அறிகுறி.

முதல் மருந்து, நடுவில் உள்ள லைப்ரரியையும் 6-க்குக் கட்டுவது. இரண்டாவது, சிம்பல்களுக்குப் பதிப்பு முத்திரை, 4-ஆம் பதிலில் ஓபன்எஸ்எஸ்எல் செய்ததைப் போல. எஃப்எஃப்எம்பெக்கும் இப்படி முத்திரை குத்துகிறது. மொழிகளைக் கையாளும் ஐசியூ லைப்ரரி இன்னும் ஒரு படி மேலே போய், ஃபங்ஷன் பெயரின் வாலிலேயே எண்ணை ஒட்டிவிடுகிறது; தமிழ் அகரவரிசைக்கு அழைக்கும் யுகால்_ஓபன், ஐசியூ 72-இல் உள்ளே யுகால்_ஓபன்_72 ஆக இருக்கும். முத்திரை இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: 5 உருவாக்கிய ஸ்ட்ரக்ட்டை எடுத்து 6-இடம் கொடுத்தால் எந்த முத்திரையும் காப்பாற்றாது.

18. வெளி இடைமுகம் நிலையா இருக்கு, ஆனா எங்க புரோகிராம் அதோட உள் ஹெடர பயன்படுத்துது. சோநேம் மாறாதே, எப்படி கட்டுப்படுத்த?

ஜன்னல் உள்ள புரோகிராம்கள் எழுதப் பயன்படும் க்யூடி லைப்ரரிக்கு இதற்குத் தீர்வு கண்ட விதத்தைப் பின்பற்றுங்கள். அதன் வெளி இடைமுகம் 5.15 முழுவதும் நிலையானது, பிரைவேட் ஹெடர்கள் ஒவ்வொரு சின்ன வெளியீட்டிலும் மாறலாம். டெபியன் க்யூடிபேஸ் பேக்கேஜ் ஒரு மெய்நிகர்ப் பெயரைச் சேர்த்துத் தருகிறது: டெபியன் 12-இல் அது க்யூடிபேஸ்-அபி-5-15-8. பிரைவேட் சிம்பலைத் தொடும் பேக்கேஜ்கள் மட்டும் அந்தப் பெயரைச் சார்ந்திருக்கும். க்யூடி 5.15.9-க்குப் போனால் அந்தப் பெயர் மறைந்துவிடும். தொட்டவை மட்டும் மறுபடி கட்டப்படும் வரை ஆப்ட் அப்கிரேடை நிறுத்தி வைக்கும்.

உங்கள் லைப்ரரியில் செய்ய, சிம்பல்ஸ் ஃபைலில் பிரைவேட் சிம்பல்களுக்கு மட்டும் வேறு சார்பு வரி கொடுத்தால் போதும். டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சிம்பல்களைப் பிரிக்க முடியாத அளவு கலந்திருந்தால், சார்பில் கீழ் எல்லையோடு மேல் எல்லையும் வையுங்கள்: 1.2 அல்லது அதற்கு மேல், 1.3~-க்குக் கீழ். அந்த அலைக்குறி முக்கியம். அது இல்லாவிட்டால் 1.3~ஆர்சி1 என்ற முன்னோட்டப் பதிப்பு 1.3-ஐ விடச் சிறியதாகக் கணக்கிடப்பட்டு, எல்லைக்குள் நுழைந்துவிடும்.